பம்புசெட்டுக்கு எது? இலவசக் கரண்ட்டா, சோலாரா, ஆயில் இன்ஜினா?

சம்பளம் சென்னையில், அப்பாவின் இரண்டு ஏக்கர் மதுராந்தகம் பக்கம். இப்படி இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 5 எச்பி மோட்டாரை வைத்துப் பார்ப்போம்.

பணக் கணக்கு மட்டும் என்றால் இலவச சர்வீஸை, அதாவது விவசாய மின் இணைப்பை, அடித்துக்கொள்ள ஆளில்லை. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குக் கரண்ட் பில்லே கிடையாது. ஆனால் சர்வீஸ் கைக்கு வரவேண்டுமே! சாதாரண வரிசையில் பதிந்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பணம் கட்டி வரிசையை முந்தும் தட்கலில் போகப் பார்த்தால் 5 எச்பிக்கே இரண்டரை லட்சம் என்று வைத்தார்கள். கிடைத்த பிறகும் பல ஊர்களில் மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. முறை ராத்திரியில் விழுந்தால் டார்ச்சோடு போய் மடை திருப்ப வேண்டும், பாம்புப் பயம் வேறு. லோ வோல்டேஜில் மோட்டார் காயில் எரிந்தால் அந்தச் செலவு இலவசம் இல்லை.

ஆயில் இன்ஜின் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது, கருகும் பயிரைக் காப்பாற்ற மட்டும் அது சரி.

சோலாருக்கு 2019-இல் வந்த குசும் திட்டத்தில் மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம் மானியம் தருகின்றன. ஐந்து வருடப் பராமரிப்பும் போட்டுக் கொடுத்தவர் பொறுப்பு. பேனலுக்கு நிழல் விழாத இடம் சுமார் 500 சதுர அடி வேண்டும். தண்ணீர் பகலில்தான், காலை எட்டு மணிக்கு ஒழுகும், பதினொன்றுக்குப் பாயும், மேகம் மறைத்தால் இளைத்துவிடும். கோடையில் நடும் சொர்ணவாரி நெல் பட்டத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வெயில் குறைந்தாலும் மழையே வயலைப் பார்த்துக்கொள்ளும். போர்வெல் மிக ஆழம் என்றால் மட்டும் யோசியுங்கள். அதே பேனலுக்கு வரும் தண்ணீர் பாதியாகிவிடும்.

என்னைச் சோலார் பக்கம் சாய்த்தது வேறொன்று. விவசாய சர்வீஸ் பாசன மோட்டாருக்காகத் தரப்படுவது, நினைத்த மெஷினையெல்லாம் அதில் ஓட்ட முடியாது. சோலாரில், பம்போடு வேறு மெஷினையும் ஓட்டவிடும் யுனிவர்சல் கன்ட்ரோலர் இருந்தால், பாய்ச்சல் இல்லாத நாளில் தீவனம் வெட்டும் மெஷினும் சின்ன மாவு மில்லும் ஓட்டலாம். மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு அது தனி வருமானம். விண்ணப்பிக்கும்போதே அந்தக் கன்ட்ரோலர் வருமா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பிறகு மாற்றினால் அது உங்கள் கைக்காசு.