பெனிடிக்டா, ஃபெலிங்கா: எந்தப் புட்டியை வைத்துக்கொள்வது?

ஒடுக்கும் சர்க்கரையை, அதாவது குளுக்கோஸைப் போல மற்றொன்றுக்கு எலக்ட்ரான் கொடுக்கும் சர்க்கரையை, கண்டறிய ஆய்வக அலமாரியில் ஒரே ஒரு கரைசலுக்குத்தான் இடம் என்றால், என் ஓட்டு பெனிடிக்டுக்கு. ஃபெலிங் ஒன்றும் மட்டமில்லை. ஒரு வேலையில் அது பெனிடிக்டை முந்தும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டிலும் நடக்கும் வினை ஒன்றுதான். காரக் கரைசலில் நீல நிறத் தாமிர அயனி ஒடுங்கி, செங்கல் சிவப்பில் குப்ரஸ் ஆக்சைடாகப் படியும். அதை ஒடுக்குவது சர்க்கரையின் திறந்த சங்கிலி வடிவம். நீரில் கரைந்த குளுக்கோஸில் ஏறத்தாழ 36 சதவீதம் ஆல்ஃபா வளையம், 64 சதவீதம் பீட்டா வளையம். ஆல்டிஹைடு வெளியே தெரியும்படி திறந்து கிடப்பது மிகச் சொற்பம். ஆனால் அந்தச் சொற்பம் செலவானதும் அடுத்த வளையம் திறந்துகொள்ளும். அதனால் வினை நிற்காமல் ஓடுகிறது. மால்டோஸ், லாக்டோஸ் இரண்டிலும் ஒரு முனை திறக்கும் நிலையில் இருப்பதால் நிறம் வரும். சுக்ரோஸில் குளுக்கோஸின் முதல் கார்பனும் ஃப்ரக்டோஸின் இரண்டாம் கார்பனும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருப்பதால் வராது. தாவரம் சர்க்கரையை ஃபுளோயம் என்ற உணவு கடத்தும் திசு வழியே கொண்டுபோவது பெரும்பாலும் இந்த வினைபுரியாத வடிவத்தில்தான். ஸ்டார்ச்சில் ஆயிரக்கணக்கான குளுக்கோஸுக்கு ஒரே ஒரு ஒடுக்கும் முனை. சோதனைக்கு அது போதாது. உமிழ்நீர் கலந்து சிறிது நேரம் வைத்தால் அதிலுள்ள அமைலேஸ் நொதி ஸ்டார்ச்சை மால்டோஸாக வெட்டிவிடும், அப்போது நிறம் வரும். இதிலெல்லாம் இரு கரைசலுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

வித்தியாசம் பராமரிப்பில். ஃபெலிங் என்பது உண்மையில் இரண்டு புட்டி. ‘அ’ கரைசல்: 34.64 கிராம் காப்பர் சல்பேட் பென்டாஹைட்ரேட், 500 மில்லி நீரில். ‘ஆ’ கரைசல்: 173 கிராம் ரோஷெல் உப்பும் (சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட்) 50 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடும், இன்னொரு 500 மில்லியில். தேவைப்படும்போது சம அளவில் கலக்க வேண்டும். கலந்ததை வைத்திருக்கக் கூடாது. கலவை நின்றால் டார்ட்ரேட்டே மெல்லத் தாமிரத்தை ஒடுக்க ஆரம்பிக்கும். சர்க்கரை ஒரு துளிகூட இல்லாத குழாயில் அடியில் சிவப்பு தட்டும். பார்ப்பவர் ‘சர்க்கரை உண்டு’ என்று எழுதிவிடுவார். ‘ஆ’ கரைசல் கண்ணாடி மூடியைப் புட்டியின் கழுத்தோடு பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடிதான் சரி. காரம் தோலையும் கண்ணையும் பதம் பார்க்கும். அவசரத்தில் ‘ஆ’ குறைந்துபோனால் தாமிர ஹைட்ராக்சைடு படிந்து, சூட்டில் கறுத்துப்போகும். அந்தக் கறுப்பை எந்தப் பக்கமும் கணக்கில் சேர்க்க முடியாது.

அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனிடிக்ட் ரோஷெல் உப்புக்குப் பதில் சிட்ரேட்டையும், ஹைட்ராக்சைடுக்குப் பதில் கார்பனேட்டையும் வைத்தார். விளைவு, ஒரே புட்டி. மூடிவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. காரம் மிதமானது என்பதால் இன்னொரு லாபமும் உண்டு: வன்காரத்தில் கொஞ்சநஞ்சச் சர்க்கரை தாமிரத்தைத் தொடுமுன்பே சிதைந்துவிடும். இதில் அந்தச் சேதம் குறைவு.

தயாரிப்பில் வரிசை முக்கியம். 173 கிராம் சோடியம் சிட்ரேட்டையும் 100 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட்டையும் சுமார் 800 மில்லி வெந்நீரில் கரைத்து, கலங்கலாக இருந்தால் வடிகட்டுங்கள். 17.3 கிராம் காப்பர் சல்பேட்டைத் தனியே 100 மில்லி நீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே மெதுவாக முதல் கரைசலில் ஊற்றி, ஒரு லிட்டருக்கு நிரப்புங்கள். சிட்ரேட் முழுதாகக் கரையுமுன் அல்லது மடமடவென்று ஊற்றினால் தாமிர கார்பனேட் கலங்கலாக இறங்கும். கையில் இருப்பது நீரேறிய படிகக் கார்பனேட் (டெகாஹைட்ரேட்) என்றால் 100 கிராம் போதாது, 270 கிராம் வேண்டும். ‘பெனிடிக்ட் வேலை செய்யவில்லை’ என்று புகார் வந்தால் நான் முதலில் கேட்பது இந்த எடையைத்தான்.

பயன்படுத்த: 5 மில்லி கரைசல், 8 துளி மாதிரி, கொதிநீரில் 5 நிமிடம், பிறகு ஆறவிட்டுப் பார்ப்பது. பச்சை என்றால் அரை சதவீதம் வரை, மஞ்சள் என்றால் அரை முதல் ஒன்று, ஆரஞ்சு ஒன்று முதல் இரண்டு, செங்கல் சிவப்பு அதற்கு மேல். இது தோராயக் கணக்கு. 8 துளி 2 மில்லியாகிவிட்டால் அட்டவணைக்கே பொருளில்லை. பக்கத்தில் மாதிரி சேர்க்காத ஒரு குழாயும் கொதிக்கட்டும், அது நீலமாகவே இருக்க வேண்டும். சிறுநீரில் நிறம் வந்தாலும் அது குளுக்கோஸ்தான் என்று பெனிடிக்ட் சொல்லாது. லாக்டோஸ், காலக்டோஸ், வைட்டமின் சி எல்லாமே நிறம் தரும். குளுக்கோஸ் மட்டும் வேண்டுமென்றால் குளுக்கோஸோடு மட்டும் வினைபுரியும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி தடவிய சோதனைப் பட்டைதான்.

ஃபெலிங் முந்துவது தரம்பார்த்தலில் (டைட்ரேஷன்), அதாவது சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் சர்க்கரையின் அளவைக் கணக்கிடுவதில். வினை முடிந்ததும் நீலம் மறையும் நிறங்காட்டியான மெத்திலீன் ப்ளூவோடு கொதிக்கக் கொதிக்கச் செய்யும் லேன்-எய்னான் முறைக்கு அதுதான் அடிப்படை. 10 மில்லி கலவை சுமார் 50 மில்லிகிராம் குளுக்கோஸுக்குச் சமம். கொதி நின்றால் காற்று புகுந்து நீலம் திரும்பிவிடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். பெனிடிக்டின் அளவறி கரைசல் என்று தனியாக ஒன்று உண்டு. மேலே சொன்ன புட்டியை அதற்குப் பயன்படுத்த முடியாது. தினமும் தரம்பார்க்கும் இடத்தில் என் ஓட்டு செல்லாது, அங்கே ஃபெலிங்கே இருக்கட்டும். ஃபெலிங்குக்கு இன்னொரு சின்ன அனுகூலம்: அமிலத்தில் நீராற்பகுத்த (குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரித்த) சுக்ரோஸைச் சரியாக நடுநிலையாக்காமல் விட்டாலும் அதன் வன்காரம் ஓரளவு தாங்கும். பெனிடிக்ட் தாங்காது, சோடியம் பைகார்பனேட்டை நுரை அடங்கும்வரை சிட்டிகை சிட்டிகையாகப் போட்ட பிறகே ஊற்ற வேண்டும்.

வெள்ளி அயனியை வைத்துச் சோதிக்கும் டாலன்ஸ் கரைசலை இந்தப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், மிச்சத்தை வைத்தால் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உருவாகும். தாமிர அசெடேட் கொண்ட பார்ஃபோட் கரைசல் வேறு வேலைக்கானது: அமில ஊடகம் என்பதால் ஒற்றைச் சர்க்கரைக்கு 2-3 நிமிடத்திலும், இரட்டைச் சர்க்கரைக்கு வெகுநேரம் கழித்தும்தான் சிவப்பு தரும். வசதி இருந்தால் பெனிடிக்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு புட்டி வைத்துக்கொள்ளலாம், ஆனால் குளோரைடு கலந்த மாதிரிக்கு அதை எடுக்காதீர்கள்.