கையால செஞ்ச சைடு டேபிள், 4 வருஷம் கழிச்சு எப்படி இருக்கு

கட்டிலுக்குப் பக்கத்துல வைக்க 45 சென்டிமீட்டர் சதுரத்துல, 55 உயரத்துல, தேக்குல ஒரு டேபிள் நானே செஞ்சு 4 வருஷம் ஆச்சு. மெஷின் எதுவும் இல்ல, ரம்பம், இழைப்புளி, ரெண்டு உளி, மூலைமட்டம், நாலு கிளாம்ப், அவ்ளோதான்.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். கால் நாலும் இன்னைக்கு வரைக்கும் துளி ஆட்டம் இல்ல. காலையும் சட்டத்தையும் ஆணி அடிச்சுச் சேர்க்காம கால்ல துளை போட்டு, சட்டத்தோட முனையை நாக்கு மாதிரி மெலிசா செதுக்கி (அதுதான் கழுந்து) அதுக்குள்ள இறக்கினேன், சட்டம் 21 மில்லிமீட்டர் தடிமன், அதுல மூணுல ஒரு பங்கு, அதாவது 7 மில்லி கழுந்துக்கு. உளியால எட்டு துளை எடுக்கவே மூணு நாள் லீவு போச்சு, ஆனா அந்த மூணு நாள்தான் இப்பவும் டேபிளைத் தாங்கி நிக்குது. தேக்குல எண்ணெய்ப் பசை இருக்கும், அதனால பசை தடவறதுக்கு முன்னாடி தின்னர்ல துடைச்சுக்கிட்டேன், ஒட்டினதுக்கு அப்புறம் ஒரு நாள் முழுக்க கிளாம்ப்பை எடுக்கல.

தப்பு பண்ணது மேல்பலகைலதான். நாலு பலகையை ஒட்டி, கீழ சட்டத்தோட எல்லா பக்கமும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிட்டேன். மரம் நீளவாக்குல அசையறது ஒண்ணுமே இல்லன்னு வச்சுக்கலாம், அகலவாக்குலதான் ஈரக் காத்துக்கு விரியும், காஞ்ச காத்துக்குச் சுருங்கும், தேக்கு மத்த மரத்தைவிட கொஞ்சம் அடங்கினதுதான், ஆனா அதுக்கும் இடம் விடணும்ல. நான் விடல, முதல் வெயில் காலத்துலயே ரேகையோடவே, அதாவது மரத்தோட நார் ஓடுற திசையிலயே, ஒரு விரிசல். அன்னைக்கு மனசே சரியில்ல. அப்புறம் விரிசலை ஒட்டியே அறுத்து, ரெண்டு ஓரத்தையும் இழைச்சு, திரும்ப ஒட்டி, இந்தத் தடவை ஸ்க்ரூ துளைய ரேகைக்குக் குறுக்கா நீட்டி, வாஷர் வச்சு லேசா முடுக்கினேன். அதுக்கப்புறம் மூணு வெயில், மூணு மழை பார்த்தாச்சு, பலகை சட்டத்தைத் தாண்டி ரெண்டு மில்லி போய் வருது, விரிசல் மட்டும் இல்ல.

பாலிஷ் விஷயம். முதல்ல அரக்கு பாலிஷ் போட்டேன், பளபளப்பு அவ்ளோ அழகு. ஆனா அரக்குக்கு சூடு ஆகாது, காபி டம்ளர் வச்ச இடத்துல வெள்ளை வட்டம் விழுந்துச்சு. ரெண்டாவது வருஷம் ஸ்பிரிட் விட்டு எல்லாத்தையும் கழுவி எடுத்து, 120, 180, 220 நம்பர் உப்புத்தாள்ல ரேகையோட தேய்ச்சு, ஆளி விதை எண்ணெய் மூணு கோட் கொடுத்தேன். பளபளப்பு குறைவுதான், ஆனா கறை பட்டா அந்த இடத்தை மட்டும் தேய்ச்சு எண்ணெய் வச்சாப் போதும், எனக்கு இதுதான் புடிச்சிருக்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, அந்த எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலைல போட்டுடாதீங்க, காயறப்போ தானா சூடேறி தீப்பிடிச்சுக்கும், வெளிய விரிச்சுப் போட்டு நல்லாக் காஞ்சப்புறம்தான் குப்பைக்கு.

இப்ப வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் வைக்கிறேன். முதல்ல வெளிறிப் போயிருந்த நிறம் இப்ப தேன் கலருக்கு வந்திருக்கு, ஒட்டுப் போட்ட கோடு எதுன்னு நானே விரல் வச்சுத் தடவித்தான் கண்டுபிடிக்கணும்.