நரிட்டாவிலிருந்து டோக்கியோவுக்கு: ஸ்கைலைனரா, நரிட்டா எக்ஸ்பிரஸா?

வேலை விஷயமாக டோக்கியோ போகிறவர்களுக்கு நரிட்டா விமான நிலையத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும்: நகருக்குள் போக இந்த இரண்டு விரைவு ரயில்களில் எதில் ஏறுவது? வேகம் என்றால் ஸ்கைலைனர்தான்: மணிக்கு 160 கி.மீ. வரை பறக்கும், முக்கால் மணி நேரத்துக்குள் டோக்கியோவின் உவேனோ ஸ்டேஷன். கட்டணமும் குறைவு. அந்தப் பக்கம் தங்குகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் ஷின்ஜுகு, ஷிபுயா பக்கம் ஹோட்டல் என்றால் கதை வேறு. ஸ்கைலைனரில் வந்தால், உவேனோவுக்கு முந்தைய நிப்போரி ஸ்டேஷனில் இறங்கி, நகரைச் சுற்றி ஓடும் யமனோத்தே ரயிலுக்கு மாற வேண்டும். இரவெல்லாம் தூங்காத கண்ணோடு, காலை நெரிசலில் பெரிய பெட்டியோடு ஏறுவது பெரும்பாடு. நரிட்டா எக்ஸ்பிரஸ் டோக்கியோ ஸ்டேஷனுக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். ஆனாலும் ஷின்ஜுகு வண்டியாகப் பார்த்து ஏறினால் மாறாமல் போகலாம். பெட்டி வைக்கும் தட்டில் நம்பர் பூட்டுகூட உண்டு. பூட்டிவிட்டு நிம்மதியாகக் கண்ணயரலாம். அன்று மதியமே மீட்டிங் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.