பைத்தானின் ஜிப்ஃபைல்: தோட்ட ஆபீஸுக்குத் தேறுமா?

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கத்துச் செம்பனைத் தோட்ட ஆபீஸ்களில் மாதக் கடைசி என்றால் ஒரே வேலைதான். செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு), லாரி தராசுச் சீட்டு, உரக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு ஜிப்பாகக் கட்டித் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். கிராணி (ஆபீஸ் எழுத்தர்) கையால் செய்கிற இதை, பைத்தான் என்ற நிரல் மொழியோடு கூடவே வரும் ஜிப்ஃபைல் (zipfile) மாட்யூல் இருபது வரிக்குள் முடித்துவிடும். தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், லைசென்ஸ் கட்டணமும் இல்லை. லைன் அடிக்கடி படுத்துவிடும் இடத்தில் இது பெரிய வசதி. ஐந்துக்கு நான்கு தரலாம். ஒன்று குறைந்ததற்குக் காரணம், அது இயல்பாக வைத்திருக்கும் அமைப்புகள்.

ஒன்றும் சொல்லாமல் விட்டால் இது அமுக்குவதே இல்லை! இயல்பு முறை ஜிப்_ஸ்டோர்ட் (ZIP_STORED). தேங்காயை மட்டையோடு சாக்கில் கட்டுவது மாதிரி, கட்டு ஒன்றாகும், சைஸ் குறையாது. 'ஜிப் பண்ணியும் ஈமெயிலில் போகவில்லையே' என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கோப்பைத் திறக்கும்போதே சுருக்கும் முறையான ஜிப்_டிஃப்ளேட்டட் (ZIP_DEFLATED) என்று எழுதிவிடுங்கள். பைத்தான் 3.7 முதல் கம்ப்ரஸ்லெவல் (compresslevel) என்று எவ்வளவு அமுக்க வேண்டும் என்பதை 0 முதல் 9 வரை அளவாகவும் சொல்லலாம். 6 போதும், 9 வைத்தால் நேரம்தான் கூடும், லாபம் சொற்பம். தராசுச் சீட்டு சிஎஸ்வியில் அதே பிளாக் எண்ணும் அதே லாரி எண்ணும் திரும்பத் திரும்ப வருவதால் அது நன்றாகவே சுருங்கும். குலைகளின் ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை. அவற்றை மட்டும் ஸ்டோர்ட் ஆகவே போடலாம், கோப்புக்குக் கோப்பு முறையை மாற்ற மாட்யூல் விடுகிறது. எல்இசட்எம்ஏ (LZMA) என்ற இன்னொரு முறை இன்னும் சிறிதாக்கும். ஆனால் தலைமையகத்தில் பழைய விண்டோஸ் இருந்தால் இரட்டைக் கிளிக்கில் திறக்காது, வீண் வம்பு.

இதே குறை இன்னோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒரு கோப்பின் பெயர், தேதி போன்ற விவரங்களைத் தாங்கும் ஜிப்இன்ஃபோ (ZipInfo) என்ற பொருளை நீங்களே உருவாக்கி ரைட்எஸ்டிஆர் (writestr) வழியாக எழுதினால், வெளியே டிஃப்ளேட்டட் என்று சொல்லியிருந்தாலும் அந்தக் கோப்பு ஸ்டோர்ட் ஆகத்தான் போகும். அங்கேயும் முறையைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

கோப்பை ஜிப்பில் சேர்க்கும் ரைட் (write) கட்டளைக்கு முழுப் பாதையைக் கொடுத்தால், டிரைவ் எழுத்து மட்டும் போய் மீதி ஃபோல்டர் வரிசை முழுவதும் ஜிப்புக்குள் ஏறிவிடும். ஜிப்புக்குள் வேண்டிய பெயரை ஆர்க்நேம் (arcname) என்று கொடுத்துச் சுருக்குங்கள். கட்டப்போகும் ஃபோல்டருக்குள்ளேயே ஜிப்பை உருவாக்கவும் கூடாது. பட்டியல் எடுக்கும் நேரத்தைப் பொறுத்து ஜிப் தன்னையே உள்ளே போட்டுக்கொள்ளப் பார்க்கும்.

மின்வெட்டு இங்கே புதிதல்ல. ஜிப்பின் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில், கோப்பை மூடும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் கரண்ட் போனால் கோப்பு இருக்கும், சைஸும் இருக்கும், திறந்தால் பேட்ஜிப்ஃபைல் பிழை வரும். அதனால் கோப்பைத் தானாக மூடிவிடும் வித் (with) கட்டுக்குள் எழுதுவதோடு நிற்காமல், முதலில் வேறு பெயரில் எழுதி, மூடிய பிறகு ஓஎஸ்.ரிப்ளேஸ் (os.replace) கொண்டு சரியான பெயருக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே டிரைவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயர் மாறாது.

ஜிப்பை எந்த முறையில் திறக்கிறோம் என்பதை ஓர் எழுத்தால் சொல்ல வேண்டும். 'டபிள்யூ' (w) பழைய ஜிப்பைக் கேட்காமல் அழித்துவிடும், 'எக்ஸ்' (x) ஏற்கெனவே இருந்தால் மறுக்கும். மாதாந்திர அனுப்புதலுக்கு 'எக்ஸ்' பாதுகாப்பு. 'ஏ' (a) பழைய ஜிப்போடு சேர்க்கும். ஆனால் திருத்திய செக்ரோலை அதே பெயரில் சேர்த்தால் பழையது போகாது, ஒரே பெயரில் இரண்டு இருக்கும். எச்சரிக்கை மட்டும் வரும், நிறுத்தாது. திருத்தம் இருந்தால் ஜிப்பைப் புதிதாகவே கட்டுங்கள்.

தராசுக் கூண்டில் ராஸ்பெரி பை போன்ற சிறு போர்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கடிகார பேட்டரி இல்லாத போர்டு, கரண்ட் போய் வந்து நேரம் பிடிப்பதற்குள் எழுதிய கோப்பு 1970 தேதி காட்டலாம். ஜிப்பில் 1980க்கு முந்தைய தேதிக்கு இடமில்லை, அதனால் வேல்யூஎரர் (ValueError) என்ற பிழை வந்து வேலை முழுவதும் நின்றுவிடும். பைத்தான் 3.8 முதல் ஸ்டிரிக்ட்_டைம்ஸ்டாம்ப்ஸ் (strict_timestamps) என்பதை ஃபால்ஸ் (False) ஆக்கினால் அந்தத் தேதியை 1980 ஆக வைத்துக்கொண்டு வேலை நகரும். தேதி பொய்யாக இருப்பதால் சீட்டின் தேதியைக் கோப்புப் பெயரிலும் எழுதுங்கள்.

அனுப்பும் முன் டெஸ்ட்ஜிப் (testzip) கட்டளையால் ஜிப்பைச் சோதியுங்கள். 'நன்' (None) என்று வந்தால் சரி, பெயர் ஏதும் வந்தால் அந்தக் கோப்பு கெட்டிருக்கிறது.

பாஸ்வேர்டுதான் பெரிய ஏமாற்றம். பூட்டிய ஜிப்பைத் திறக்கும், அதையும் மெதுவாக. பூட்டி எழுதவே தெரியாது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது சம்பளப் பட்டியலைத் திறந்தபடி அனுப்ப முடியுமா? அதற்குப் பைஜிப்பர் (pyzipper) என்ற வெளி மாட்யூல் ஏஇஎஸ் (AES) என்ற வலுவான பூட்டைப் போடும், பெறுகிறவரிடம் அதைத் திறக்கும் செவன்-ஜிப் (7-Zip) மென்பொருள் இருந்தால் நல்லது. பூட்டினாலும் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் வெளியே தெரியும். அதனால் தொழிலாளியின் அடையாள அட்டை எண்ணைக் கோப்புப் பெயராக வைக்காதீர்கள்.