ஹோர்ட்டன் சமவெளியில் ஓர் இரவு: எதை எடுப்பது, எதை விடுவது?

கொழும்பில் தை மாதத்து இரவிலும் மின்விசிறி சுழன்றபடியே இருக்கும். அங்கிருந்து மத்திய மலைநாட்டிலுள்ள ஹோர்ட்டன் சமவெளியில் கூடாரமடித்துத் தங்கப் புறப்படுகிறவர்கள், வீட்டிலுள்ள தடித்த உடுப்பையெல்லாம் அள்ளித் திணித்துக்கொள்கிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். ஆனால் அங்கே நம்மை வாட்டுவது வெறும் குளிரன்று, ஈரத்தோடு சேர்ந்து வரும் குளிர். ஆகவே கீழே ஒப்பிடும் ஒவ்வொரு பொருளையும், நனைந்தபின் அது எப்படி நடந்துகொள்கிறது என்ற ஒரே கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்.

முதலில் குளிரின் அளவைப் பார்ப்போம். உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. சமவெளியோ 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. கொழும்பின் இரவு 22 பாகை என்றால், அங்கே 8 பாகை இருக்க வேண்டும். ஆனால் தையிலும் மாசியிலும் மேகமில்லாத இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுவதாலும், குளிர்ந்த காற்று கனமாகித் தாழ்ந்த புல்வெளிகளில் தேங்குவதாலும், விடியற்காலையில் அங்கே உறைபனியே படிந்துவிடுகிறது. மாலையில் மூடுபனியும் தூறலும், விடியலில் உறைபனியும் ஒரே இரவில் வரக்கூடிய இடம் அது.

உடம்போடு ஒட்டியிருக்கும் உடுப்பில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். பருத்திப் பெனியன் நமக்குப் பழகியது, கொழும்பு வெயிலுக்கு அதைவிட நல்லது இல்லை. வியர்வையை உறிஞ்சி நெடுநேரம் வைத்திருப்பது அங்கே வரம், மேலே அதுவே வினை. வெப்பத்தைக் கடத்துவதில் நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வல்லது. நூலிழைகளுக்கிடையே காற்றுக்குப் பதிலாக நீர் நின்றால், மேலே எத்தனை கம்பளி போட்டாலும் உடம்புச் சூடு கசிந்துகொண்டே இருக்கும்.

ஓகியா புகையிரத நிலையத்தில் இறங்கி நடந்தே ஏறிய அன்று, என் உடம்பில் பெனியன், சேட், பெரியப்பாவிடம் இரவல் வாங்கிய கம்பளி ஸ்வெட்டர் என மூன்று அடுக்கு இருந்தது. இரவு இரண்டு மணிக்குப் பற்கள் தாமாகவே அடித்துக்கொண்டன. பெனியன் பிழிந்து போட்ட துவாயைப்போல முதுகில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் படுத்திருந்தவன் ரோச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "மச்சான், முதல்ல அந்தப் பெனியனைக் கழட்டு" என்று தன் பொலியெஸ்டர் விளையாட்டுச் சட்டையை நீட்டினான். அதன்மேல் ஸ்வெட்டரை மட்டும் போட்டுக்கொண்டேன். ஓர் அடுக்கு குறைந்தும் அரைமணி நேரத்தில் நடுக்கம் நின்றது.

பொலியெஸ்டர் இழை தன் எடையில் ஒரு வீதத்துக்கும் குறைவான ஈரத்தையே ஏற்பதால் விரைவில் உலர்ந்துவிடும். ஆனால் ஒரே நாளில் வியர்வை நாற்றம் பற்றிக்கொள்ளும். மெரினோ எனும் செம்மறியின் மெல்லிழைக் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 வீதம் நீராவியை உள்வாங்கியும் தோலுக்கு ஈரம் தெரியாமல் வைத்திருக்கும், நாற்றமும் எளிதில் எழாது. தரத்தில் கம்பளியே முதலிடம், ஆயினும் கொழும்பில் அது எளிதில் கிடைப்பதில்லை, விலையும் கடுமை. ஆகவே விளையாட்டுச் சட்டை இரண்டை எடுத்து, ஒன்றை உறங்குவதற்கென்றே தொடாமல் வைக்குமாறு சொல்வேன். கம்பளிக்குச் செலவிட முடிந்தால் காலுறைக்குச் செலவிடுங்கள்.

மேலே போடும் ஜக்கெட்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஏற்றுமதியில் மிஞ்சிய குளிராடைகள் புறக்கோட்டையிலும் நுவரெலியாச் சந்தையிலும் கிடைக்கின்றன. நடக்கும்போது ஃப்ளீஸ் எனும் பொசுபொசுத்த பொலியெஸ்டர் மேலாடை, உட்காரும்போது பொலியெஸ்டர் பஞ்சு வைத்த ஜக்கெட் என இரண்டும் மெல்லியதாக இருப்பது, தடித்த ஒன்றைச் சுமப்பதைவிட நல்லது.

உறக்கப் பையில் போட்டி வாத்துத் தூவிக்கும் பொலியெஸ்டர் பஞ்சுக்கும் இடையே. ஒரே எடையில் தூவியே அதிகச் சூடு தரும், கைக்குள் அடங்குமளவு சுருங்கியும் விடும். ஆனால் நனைந்தால் கட்டியாகித் தன் குணத்தையே இழந்துவிடும். நம் மூச்சுக்காற்றின் ஈரமே கூடாரத் துணியில் துளிகளாகி விடியும்வரை சொட்டும் இடத்துக்கு, பருமனாக இருந்தாலும் பஞ்சுப் பையே பொருத்தம். விலைச்சீட்டில் இரண்டு மூன்று வெப்பநிலைகள் இருக்கும். மிகக் குறைந்த எண்ணை நம்பாமல், இதமாக உறங்கக்கூடியது (Comfort) என்று குறித்த எண்ணையே பாருங்கள், அது 5 பாகைக்குக் கீழே இருக்கட்டும். வீட்டுப் போர்வைகளை அடுக்கிக்கொண்டு போவதை நான் ஆதரிக்கவில்லை, பக்கவாட்டில் திறந்த இடமெல்லாம் குளிர் நுழையும்.

ஆனாலும் பணம் ஒன்றுக்குத்தான் உண்டென்றால், பையை இரவல் வாங்கி, விரிப்பை வாங்குங்கள். உடம்பின் பாரத்தால் கீழ்ப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடுவதால், முதுகுக்கும் ஈரமண்ணுக்கும் நடுவே காப்பாக இருப்பது அந்த விரிப்பு மட்டுமே. கடற்கரைக்குக் கொண்டுபோகும் காற்று மெத்தை மென்மையானது, ஆனால் உள்ளே காற்று சுழன்று சூட்டை நிலத்துக்கு இறக்கிவிடும். நுண்ணறைகள் மூடிய நுரை விரிப்பு கட்டாந்தரைபோல் உறுத்தும், சூட்டையோ விடாது, முள் குத்தினாலும் பழுதாகாது. நான் நுரை விரிப்பு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிறேன்.

மழைக்கு, தலைவழியே மாட்டித் தொங்கவிடும் போஞ்சோவைவிட, இடுப்பிலும் மணிக்கட்டிலும் இறுகும் மழையங்கி நல்லது. சமவெளியில் ‘உலக முடிவு’ எனப்படும் செங்குத்துப் பாறையின் விளிம்பில் வீசும் காற்று போஞ்சோவைத் தலைக்குமேல் தூக்கிவிடும்.

கடைசியாக, உடுப்பைக் கட்டும் விதம். பொலித்தீன் பை மலிவுதான், ஆனால் சமவெளி தேசியப் பூங்கா என்பதால் நுழைவாயிலில் பைகளைச் சோதித்து அதை எடுத்துவிடுவார்கள், பிரித்த உடுப்பு தூறலில் திறந்து கிடக்கும். வாயைச் சுருட்டிக் கொளுவும் நீர்புகாத துணிப்பை ஒன்று போதும். அடுத்த தடவை உறங்கும் சட்டை, ஒரு சோடி காலுறை, குரங்குத் தொப்பி மூன்றையும் அதற்குள் வைத்துப் பயணப்பையின் அடியில் போட்டேன், இருட்டும்வரை திறக்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கூடாரத்தின் வெளித்துணியை உதறியபோது உறைபனி சீனியைப்போல் பொரபொரவென்று கொட்டியது. சட்டைக் கழுத்தைத் தடவிப் பார்த்தேன், உலர்ந்தே இருந்தது.