ஓணம் வரைக்கும் பொறுக்கலாங்களா?

கேரள-தமிழக எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வருபவர்கள் இப்போதெல்லாம் லேப்டாப்பின் பழுதைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே விலையைத்தான் கேட்கிறார்கள். "ஏனுங்க தம்பி, இப்பவே புதுசு வாங்கிறலாங்களா, ஓணம் வரைக்கும் பொறுக்கலாங்களா?" போன வாரம் இப்படிக் கேட்டவர் ஒரு தென்னந்தோப்புக்காரர். மகள் கோவையில் பி.காம். படிக்கிறாள். மேசைமேல் வைத்த லேப்டாப்பில் இன்டெல்லின் ஆறாம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். ஆன் பண்ணிவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வரலாம்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது இந்த வியாபாரத்தில் இப்போது எடுபடவில்லை. ஓணத்துக்குப் பாலக்காட்டிலும் தீபாவளிக்குக் கோவையிலும் சில ஆயிரம் குறைப்பார்கள், பையும் மவுஸும் தருவார்கள். நானும் பல வருடம் "பொறுங்க" என்றே சொல்லி வந்தேன். ஆனால் மெமரி சிப் கம்பெனிகள் ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு முதல் பந்தி போடுவதால் 2025 கடைசியிலிருந்து ரேம், எஸ்.எஸ்.டி. (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு) விலை ஏறிவிட்டது. 2016 நவம்பரில் 67 ரூபாயைச் சுற்றி இருந்த டாலர், 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. பாகங்களுக்குப் பணம் டாலரில்தான் போகிறது. அடிவிலையே ஏறிய பிறகு தள்ளுபடி எந்த மூலைக்கு?

குழப்பம் வந்தால் விற்பனை படுத்துவிடும் என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. 2016 நவம்பர் 8-ல் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றதும் கடையில் ஈ ஓட்டினேன். கையில் காசே இல்லை. 2023 ஆகஸ்ட் 3-ல் லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தபோது நடந்தது நேர்மாறு. விலை மட்டும் விசாரித்துப் போனவர்கள் "ஒண்ணு எடுத்து வையுங்க" என்று போன் செய்தார்கள். மறுநாளே அந்த உத்தரவைத் தள்ளிவைத்தார்கள், அது வேறு கதை. 2025-லும் டிரம்ப் வரி வருமோ என்ற பயத்தில் அமெரிக்காவில் முன்கூட்டியே சரக்கை இறக்கிக் குவித்தார்கள். விலை பற்றிய பயம் ஆளைக் கடைக்கு ஓட்டிவரும். வருமானம் பற்றிய பயம் வீட்டிலேயே உட்காரவைக்கும்.

எங்கள் எல்லைக்கென்றே ஒரு தொல்லை உண்டு. இரு மாநிலத்துக்கும் சட்டசபைத் தேர்தல் ஒன்றாகவே வருகிறது. நடத்தை விதி வந்துவிட்டால் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்தோடு வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்ட ஆவணம் வேண்டும். தேங்காய்ப் பணத்தை நோட்டாகவே வைத்திருப்பவர் அந்த மாதம் கோவைப் பக்கம் போகமாட்டார்.

சரி, புதுசு வேண்டாம் என்றால்? துபாய் மாமாவைக் கொண்டுவரச் சொல்லலாம். பயணி ஒருவருக்கு ஒரு லேப்டாப் வரியில்லாமல் வரும். சாவிகளில் அரபி எழுத்தும் சேர்ந்திருக்கலாம், வாரண்டி இங்கே செல்லுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழையதற்கே எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு 4 ஜிபி ரேமும் போடுவதுதான் செலவு குறைந்த வழி. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். லினக்ஸ் போடலாம், கேரளப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அது பழகினதுதான், இந்தப் பெண்ணுக்கும் தெரியும். அவளே தலையாட்டி மறுத்தாள்: "அண்ணா, காலேஜ்ல டாலி இருக்கு." டாலி என்ற கணக்கு மென்பொருளுக்கு விண்டோஸ் வேண்டும். முடிந்தது பேச்சு.

மிஞ்சியது கம்பெனிகள் கழித்துவிடும் செகண்ட் ஹேண்ட். உடம்பு கெட்டி, கீபோர்டு நன்றாக இருக்கும். ஆனால் காலம் சரியில்லாதபோது கம்பெனிகளும் பழசையே ஓட்டுவதால் நல்ல சரக்கு குறைந்துபோகும், கேட்பவர்களோ கூடிவிடுவார்கள். ஒருமுறை வெளியூர் வியாபாரி ஒருவரிடம் பத்து எடுத்ததில் மூன்றில் பயாஸுக்கு (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு பூட்டு. இன்றுவரை திறக்கவில்லை. அதனால் பயாஸ் வரை திறந்து பார்த்து, பேட்டரியை அரைமணி நேரம் ஓடவிட்டு, பில்லோடுதான் வாங்க வேண்டும்.

"தேங்காய் விலை இப்படியே நிக்குமான்னு தெரியலீங்க, தவணை வேண்டாம்" என்றார் தோப்புக்காரர். அவருக்கு இருந்தது வருமானத்தின் மேல் சந்தேகம். செகண்ட் ஹேண்டில் எட்டாம் தலைமுறை ஐ5 ஒன்றை எடுத்துக்கொண்டார். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி.யில் செருகும் ஒரு கேஸில் போட்டுக் கொடுத்தேன். அதில் அவள் தாத்தாவின் போட்டோக்கள் இருந்தன.