முதியோர் இல்லத்தில் அலட்சியமா? போலீஸா, நுகர்வோர் ஆணையமா?

கடலூரில் அப்பாவை மாதக் கட்டணம் கட்டி ஒரு இல்லத்தில் விட்டிருக்கிறீர்கள், போய்ப் பார்த்தால் முதுகில் படுக்கைப்புண், மருந்துச் சீட்டில் நாலு நாளாக ஒரு டிக் கூட இல்லை. எங்கே போவது?

அடித்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், நேரே போலீஸ்தான். அலட்சியத்தால் கொடுங்காயம் ஏற்பட்டால் பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 125-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. எஃப்ஐஆர் போட மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் புகார் அனுப்பலாம். ஆனால் வழக்கு இழுக்கும், குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தாக வேண்டும், அதுவரை புண்ணுக்கு மருந்துச் செலவு நம் தலையில்தான்.

நஷ்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடலூரிலும் உண்டு, புதுச்சேரியிலும் உண்டு. 2 ஆண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை, நிரூபிக்க வேண்டிய அளவும் குறைவு. இங்கே ஊழியர் மட்டுமல்ல, பணம் வாங்கிய நிர்வாகமே பதில் சொல்ல வேண்டும் என்பதால் எனக்கு இதுதான் வலுவாகப் படுகிறது. ஒரே சிக்கல், முழுக்க இலவச இல்லம் என்றால் இந்த வழி கிடையாது.

இரண்டையும் சேர்த்தே செய்யலாம், சட்டத்தில் தடையில்லை. எதுவானாலும் முதலில் புண்ணைத் தேதியோடு போட்டோ எடுங்கள், அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்குங்கள், கட்டண ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் 14567, முதியோர் உதவி எண், கட்டணமில்லை.